பறத்தலின் இயற்பியலைச் செய்துபார்த்துக் கற்க: காகித விமானமா, பட்டமா, கிளைடரா, காற்றுச் சுரங்கமா, ராக்கெட்டா, ட்ரோனா?

பள்ளி திறந்து, அறிவியல் மன்றத்துக்குப் பொறுப்பாசிரியர் யார் என்று முடிவானதும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "விமானம் எப்படிப் பறக்கிறது என்பதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்துபார்க்க வேண்டும். பணம் கொஞ்சம்தான், நேரம் அதைவிடக் குறைவு. எதை எடுத்துக்கொள்ளலாம்?" கடலூரிலும் புதுச்சேரியிலும் ஆசிரியர்கள் கேட்கிறார்கள், பெற்றோரும் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே ட்ரோன் கிட் ஒன்றின் விலையை விசாரித்து வைத்திருக்கிறார்கள். வாங்கிவிடலாமா என்பதுதான் அவர்களுடைய தயக்கம்.

ஆறு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சூழ்நிலைக்குப் பொருந்தும். ஆனால் இயற்பியல் கற்பதற்கு ஆறும் சமம் என்று சொல்ல என்னால் முடியாது. பறக்கும் பொருளைப் பார்ப்பது வேறு, அது ஏன் பறக்கிறது என்று தெரிந்துகொள்வது வேறு. பிள்ளை ஒன்றை மாற்ற வேண்டும், அதனால் பறப்பு மாற வேண்டும், அந்த மாற்றத்தை அளந்து நோட்டில் எழுத வேண்டும். இந்த மூன்றுக்கும் இடம் தரும் செயல்பாட்டையே நான் முதலில் வைப்பேன்.

## முதலில், எதைக் கற்பிக்கப் போகிறோம்?

பறக்கும் விமானத்தின் மீது நான்கு விசைகள் செயல்படுகின்றன. கீழே இழுக்கும் எடை, மேலே தூக்கும் தூக்கு விசை, முன்னே தள்ளும் உந்து விசை, பின்னே இழுக்கும் காற்றின் இழுவை. இந்த நான்கையும் பிரித்துப் பார்த்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் கேலி. 1799-இலேயே அதைப் படமாகப் பொறித்துவைத்தார், 1804-இல் கையால் எறியும் கிளைடர் ஒன்றை, அதாவது எஞ்சின் இல்லாமல் காற்றில் சறுக்கிச் செல்லும் விமானத்தை, செய்தும் பார்த்தார். ரைட் சகோதரர்களின் விமானம் எழுந்தது அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து.

தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் வருகின்றன, பத்தாம் வகுப்பில் இயக்க விதிகள், பதினொன்றில், பாய்மத்தின் வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்னும் பெர்னௌலி தேற்றம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. பாடம் வரும் வகுப்பு வேறாக இருக்கலாம், பொருள் ஒன்றுதான்.

இங்கே ஒரு தவறான விளக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "இறக்கையின் மேல்பக்கம் வளைந்திருப்பதால் மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம். கீழே போகும் காற்றோடு பின்விளிம்பில் ஒன்றுசேர வேண்டும் என்பதால் அது வேகமாக ஓடுகிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும், அதனால் இறக்கை தூக்கப்படுகிறது." நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் படித்தோம். இதில் கடைசிப் பகுதி சரி: மேலே வேகம் அதிகம், அழுத்தம் குறைவு. ஆனால் இரண்டு காற்றும் ஒன்றுசேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உண்மையில் மேலே போகும் காற்று கீழே போகும் காற்றுக்கு முன்னதாகவே பின்விளிம்பைத் தாண்டிவிடுகிறது. காகித விமானத்தின் இறக்கை தட்டையானது, மேலும் கீழும் ஒரே தூரம், ஆனாலும் பறக்கிறது. சாகச விமானங்கள் தலைகீழாகவும் பறக்கின்றன. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. அழுத்த வேறுபாடு அந்தத் தள்ளல் இறக்கையின் மீது வந்துசேரும் வழி. நியூட்டனும் பெர்னௌலியும் ஒரே நிகழ்வை இரண்டு பக்கத்திலிருந்து சொல்கிறார்கள். இதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வழி இருக்கிறதா என்பதே எனக்கு முதல் அளவுகோல்.

## எதை வைத்து எடைபோடுவது?

தூக்கு விசை உண்மையிலேயே அதில் வருகிறதா? ஒரு நேரத்தில் ஒரே ஒன்றை மட்டும் மாற்றி அளக்க முடிகிறதா? நாற்பது பேர் உள்ள வகுப்பில் எத்தனை பேர் கை அதில் படும்? வாங்கும் விலை போக, உடைந்ததைச் செப்பனிட, இடம் தேட, ஆசிரியர் தானே முதலில் பழகிக்கொள்ள எவ்வளவு ஆகும்? நம் ஊர்க் காற்றும் மழையும் ஒத்துழைக்குமா? ஆபத்தும் அனுமதியும் என்ன?

இவற்றில் நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பள்ளிகளில் பாதியில் நின்றுபோன திட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான் நின்றிருக்கின்றன.

## காகித விமானம்

செலவு ஏதுமில்லை. 80 ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் உள்ள ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். இதைத் தராசில் வைக்காமலே கணக்கிடலாம்: ஒரு சதுர மீட்டரில் 16 ஏ4 தாள்கள் அடங்கும், 80-ஐ 16-ஆல் வகுத்தால் 5. அந்த ஒரு கணக்கிலேயே வகுப்பு தொடங்கிவிடும்.

இறக்கையின் பின்விளிம்பை அரை விரல் அகலம் மேல்நோக்கி மடித்தால் மூக்கு தூக்கும், கீழ்நோக்கி மடித்தால் குத்திக்கொண்டு விழும். மூக்கில் ஒரு ஜெம் கிளிப் மாட்டினால் ஈர்ப்பு மையம் முன்னே நகரும். ஒரு பாடவேளைக்குள் நாற்பது பேரும் இதைப் பார்த்துவிடலாம்.

குறை, அளவீட்டில். ஒவ்வொரு பிள்ளையின் மடிப்பும் வேறு, எறியும் வேகமும் வேறு. கிளிப்பால் தூரம் மாறியதா, எறிந்த கையால் மாறியதா என்று தெரியாது. ஸ்கேலில் ரப்பர் பாண்டு மாட்டி, ஒரே நீளத்துக்கு இழுத்து விடும்படி ஒரு ஏவுகருவி செய்துகொண்டால் இந்தக் குறை பாதி தீரும். மின்விசிறிகளை நிறுத்திவிடுங்கள். மே, ஜூன் வெயிலில் அதுவே இங்கே பெரிய விலை.

ஆறாம், ஏழாம் வகுப்புக்கும், ஒரே ஒரு பாடவேளைதான் கிடைக்கும் ஆசிரியருக்கும் இதைவிட நல்லது இல்லை.

## பட்டம்

கடற்கரை ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த வசதி இது. விமானம் காற்றைத் தேடி ஓடுகிறது, பட்டம் நின்ற இடத்தில் நிற்கக் காற்று அதைத் தேடி வருகிறது. விசைகள் சமநிலையில் இருக்கும்போது பொருள் அசையாமல் நிற்கும் என்பதை வானத்திலேயே காட்டலாம். எடை, தூக்கு விசை, இழுவை, நூலின் இழுப்பு என நான்கும் அங்கே இருக்கின்றன. நூலின் முனையைச் சுருள்வில் தராசில் கட்டினால் இழுப்பு எவ்வளவு என்பது எண்ணாகவே கிடைக்கும். பாகைமானியில் குண்டுநூல் தொங்கவிட்டு ஏற்றக் கோணத்தை அளந்தால் பத்தாம் வகுப்பு முக்கோணவியல் களத்துக்கு வந்துவிடும்: 50 மீட்டர் நூல், 40 பாகை என்றால் உயரம் ஏறக்குறைய 32 மீட்டர். நூல் தொய்ந்து வளைவதால் உண்மையான உயரம் இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். அதையும் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்லட்டும்.

மாற்றிப் பார்க்க வேண்டியது சூத்திரத்தை, அதாவது பட்டத்தின் முகப்பில் கட்டும் கயிற்றை. அந்தக் கயிற்றில் முடிச்சை ஒரு சென்டிமீட்டர் மேலே ஏற்றினால் பட்டம் படுத்து நிற்கும், இறக்கினால் நிமிர்ந்து நிற்கும். காற்றை எதிர்கொள்ளும் கோணம், அதாவது தாக்கு கோணம் மாறுகிறது, தராசு காட்டும் எண்ணும் உடனே மாறுகிறது. ரைட் சகோதரர்களும் இதே வழியில்தான் வந்தார்கள். 1899-இல் இறக்கையை முறுக்கித் திருப்பும் எண்ணத்தை ஒரு பட்டத்தில் சோதித்தார்கள். 1900-இல் தங்கள் முதல் கிளைடரைக் கிட்டி ஹாக் மணற்கரையில் பெரும்பாலும் கயிறு கட்டிப் பட்டம்போலவே பறக்கவிட்டு, இழுப்பை அளந்தார்கள். சீரான காற்றும், விழுந்தால் அடிபடாத மணலும் வேண்டும் என்றே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கடலூரின் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் இரண்டும் இருக்கின்றன. புதுச்சேரியின் கடற்கரைச் சாலை ஓரம் பாறையும் கூட்டமும். அங்கே வேண்டாம், தெற்கிலோ வடக்கிலோ மணல் உள்ள கரைக்குப் போங்கள்.

மறைந்திருக்கும் விலைகள் இங்கே பல. காற்று முதலில். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த மேல்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. நூல் அறுந்தால் பட்டம் கடலுக்குப் போகும், பிள்ளை பட்டத்தின் பின்னால் போவான். பகல் ஏறி, கடல்காற்று கரைநோக்கித் திரும்பும்வரை பொறுத்திருப்பதே சரி. அப்போது பட்டம் ஊர்ப்பக்கம் சாயும் என்பதால் பின்னால் மின்கம்பி இல்லாத இடம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இதைத் திட்டமிடவே வேண்டாம். அடுத்தது நூல்: சாதாரணப் பருத்தி நூல் மட்டுமே. நைலான் மாஞ்சாவையும் கண்ணாடித்தூள் பூசிய நூலையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுவதும் தடைசெய்துவிட்டது. பிறகு தண்ணீர். முப்பது பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் பட்டத்தைப் பார்க்காமல் அலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க இரண்டு பெரியவர்கள் தேவை. புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்தையும் விமானம் இறங்கும் பாதையையும் ஒட்டிய பள்ளிகள் இந்த வழியை விட்டுவிடுவது நல்லது.

கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் பள்ளி இருந்து, ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு விசைச் சமநிலையையும் முக்கோணவியலையும் சேர்த்து நடத்த வேண்டுமென்றால் பட்டம் முதலிடம் பெறும்.

## தெர்மாகோல் கிளைடர்

என்னைக் கேட்டால், ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்ற நிலையில் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

டி.வி., ஃபிரிட்ஜ் பெட்டிக்குள் வரும் தெர்மாகோலைத் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோடு, இம்பீரியல் ரோடு பக்கத்துக் கடைகளில் கேட்டால் பல நேரம் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். மெல்லிய தகடாக வேண்டுமென்றால் ஸ்டேஷனரி கடையில் ப்ராஜெக்ட்டுக்கு விற்கும் ஃபோம் போர்டு போதும். உடலுக்கு ஒரு மூங்கில் குச்சி, இறக்கைக்கு 40 செ.மீ. நீளம் 8 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை, வாலுக்கு இரண்டு சிறு துண்டுகள், மூக்குக்குக் களிமண். ஒட்டுவதற்கு ஃபெவிகால். அவசரப்பட்டு உடனே ஒட்டும் பசையை வைத்தால் தெர்மாகோல் கரைந்து குழிவிழும். இறக்கையின் இரு முனைகளும் சற்று மேல்நோக்கி இருக்கும்படி நடுவில் மடக்கி ஒட்ட வேண்டும். ஒருபக்கம் சாய்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும் குணம் அதனால்தான் வருகிறது.

பிறகு இரண்டு ஆள்காட்டி விரல்களின் நுனியில் இறக்கையைத் தாங்கிப் பார்க்க வேண்டும். முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் விரல் வைத்தால் கிளைடர் சாயாமல் நிற்க வேண்டும். வால் தொங்கினால் மூக்கில் களிமண்ணைக் கூட்ட வேண்டும். இப்போது தோள் உயரத்திலிருந்து, எறியாமல், முன்னே தள்ளிவிட வேண்டும்.

இங்கேதான் பாடம் இருக்கிறது. மூக்கு இலேசாக இருந்தால் கிளைடர் மேலே ஏறும், ஒரு கணம் அப்படியே நிற்கும், தலை கவிழ்ந்து விழும், வேகம் பிடித்து மறுபடி ஏறும். தாக்கு கோணம் அளவுக்கு மீறிப் போய்த் தூக்கு விசையை இழக்கும் காட்சியை இவ்வளவு நிதானமாக வேறெதிலும் பார்க்க முடியாது. மூக்கு கனத்தால் நேரே தரையைத் தேடும். ஒரு பட்டாணி அளவு களிமண்ணை வைத்தும் எடுத்தும் பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு ஒரு கட்டத்தில் அது சரியாக அமையும். கிளைடர் நேர்க்கோட்டில் சரிந்து போய்த் தரையைத் தடவி நிற்கும். ஈர்ப்பு மையம் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அளவீடும் எளிது. விட்ட உயரம் 1.5 மீட்டர், போய்ச் சேர்ந்த தூரம் 9 மீட்டர் என்றால் சறுக்கு விகிதம் ஆறு. தூக்கு விசை இழுவையைப்போல் ஆறு மடங்கு என்பதுதான் அந்த எண்ணின் பொருள். பெரிய பயணிகள் விமானங்களுக்கு இது பதினைந்தைத் தாண்டும். 1983-இல் கனடாவில் ஒரு போயிங் 767 நடுவானில் எரிபொருள் தீர்ந்து, எஞ்சின் இல்லாமலே சறுக்கி வந்து கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுதளத்தில் இறங்கியதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்த விகிதம் எதற்குப் பயன்படுகிறது என்பது மனத்தில் நின்றுவிடும்.

அடுத்த சோதனை எல்லோரையும் ஏமாற்றுவது. கிளைடரின் ஈர்ப்பு மையத்தில் நாணயம் ஒட்டி எடையை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும்? "சீக்கிரம் விழுந்துவிடும், தூரம் பாதியாகும்" என்பார்கள். பாதி உண்மை. வேகம் ஏறக்குறைய 1.4 மடங்காகும், தரையை முன்னதாகத் தொடும். ஆனால் போகும் தூரம் பெரிதாகக் குறையாது. தூக்கு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இரண்டு மடங்கு எடையைத் தாங்க இரண்டின் வர்க்கமூலம் அளவுக்கு வேகம் கூடினால் போதும்.

இதைக் கொண்டே லாஸ்பேட்டையில் இறங்கும் ஏடிஆர் 72 விமானத்தின் வேகத்தையும் கணிக்கலாம். நம் கிளைடர் 20 கிராம், இறக்கைப் பரப்பு 320 சதுர செ.மீ.; ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 0.6 கிலோ. ஏடிஆர் 72-இன் உச்ச எடை சுமார் 23 டன், இறக்கைப் பரப்பு 61 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 375 கிலோவுக்கு மேல். அறுநூறு மடங்கு. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 25. கிளைடர் நொடிக்கு 4 மீட்டர் போனால் விமானம் நொடிக்கு 100 மீட்டர், அதாவது மணிக்கு 360 கிலோமீட்டர் போக வேண்டும். அந்த விமானம் உயரத்தில் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவிலும், இறக்கைப் பலகைகளைத் தாழ்த்தி இறங்கும்போது 200 அளவிலும் போகிறது. களிமண்ணும் மூங்கில் குச்சியும் வைத்துப் போட்ட கணக்கு இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கிறது.

நேரம் இருந்தால் ஒரே பரப்பில் இரண்டு இறக்கைகள்: 40-க்கு 8 ஒன்று, 20-க்கு 16 ஒன்று. நீளமானதே நன்றாகச் சறுக்கும், இறக்கை முனையில் சுழன்று வீணாகும் காற்று அதில் குறைவு என்பதால். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வட்டமிடும் செம்பருந்தையும் முகத்துவாரத்தில் பறக்கும் ஆலாவையும் பார்த்துவரச் சொல்லுங்கள், காக்கையின் இறக்கையோடு ஒப்பிடட்டும்.

விலை என்று பார்த்தால்: உடையும், தினமும் உடையும். ஒரு குழுவுக்கு மூன்று இறக்கைகள் வெட்டிவைக்க வேண்டும். பிளேடு பிடிக்கப் பெரியவர் வேண்டும். காற்றில்லாத இடம் வேண்டும். மஞ்சக்குப்பம் மைதானமானாலும் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் கூட்ட அரங்கம். எல்லாவற்றையும்விட, ஆசிரியர் தான் ஒன்றைச் செய்து, சரியாகப் பறக்கவைத்த பிறகே வகுப்புக்குப் போக வேண்டும். அதற்கு ஒரு வாரத்து மாலைகளாவது ஒதுக்குங்கள்.

## அட்டைப்பெட்டிக் காற்றுச் சுரங்கம்

1901-இல் தங்கள் கிளைடர் கணக்குப்படி தூக்காமல் போனபோது ரைட் சகோதரர்கள் ஊர் திரும்பி, ஒரு மரப்பெட்டியும் விசிறியும் கொண்டு காற்றுச் சுரங்கம் செய்தார்கள். ஏறக்குறைய இருநூறு வகை இறக்கைகளை அதில் சோதித்தார்கள். 1903 டிசம்பர் 17 அன்று 12 நொடி பறந்த விமானம் அந்தப் பெட்டியில் கிடைத்த எண்களிலிருந்து பிறந்தது.

நமக்கு ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியும் ஒரு டேபிள் ஃபேனும் போதும். விசிறி காற்றை உள்ளே ஊதக்கூடாது, மறுமுனையில் நின்று வெளியே இழுக்க வேண்டும். ஊதும் காற்று சுழன்று வரும். நுழைவாயிலில் காற்றை நேராக்கக் குழாய்க் கட்டு வேண்டும். பிளாஸ்டிக் ஸ்டிராவுக்குத் தடை இருப்பதால் பழைய வினாத்தாள்களைப் பென்சிலில் சுற்றி ஒட்டிய குழாய்களே நல்லது. பக்கவாட்டில் கண்ணாடித்தாள் ஜன்னல். இறக்கையை ஒரு சைக்கிள் ஸ்போக்கின் நுனியில் பொருத்தி, ஸ்போக்கைப் பெட்டிக்குக் கீழே உள்ள டிஜிட்டல் தராசில் நிறுத்த வேண்டும். 0.1 கிராம் காட்டும் தராசாக இருக்கட்டும், சமையலறைத் தராசு போதாது. தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து விசிறியைப் போட்டால் திரையில் கழித்தல் குறியோடு எண்கள் ஏறும். அதுதான் தூக்கு விசை. 20-க்கு 10 செ.மீ. இறக்கை, நொடிக்கு 4 மீட்டர் காற்று என்றால் 12 கிராம் அளவுக்கு எதிர்பார்க்கலாம். கோணத்தை ஐந்து ஐந்து பாகையாகக் கூட்டினால் எண் ஏறிக்கொண்டே போய், பெரும்பாலும் 10-க்கும் 20-க்கும் இடையில் ஓரிடத்தில் தயங்கும், பிறகு இறங்கும்.

ஊதுபத்தி ஒன்றை ஏற்றி வாயிலில் பிடியுங்கள். புகைக்கோடு இறக்கையை ஒட்டி வளைந்து, பின்விளிம்பைத் தாண்டியதும் கீழ்நோக்கிச் சரிந்து போவது ஜன்னலில் தெரியும். காற்று கீழே திருப்பப்படுகிறது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். இந்த ஆறு வழிகளில் அந்தத் தவறான விளக்கத்தை நேருக்கு நேர் உடைப்பது இது ஒன்றுதான்.

ஆனால் ஒரே நேரத்தில் ஐந்தாறு பேர்தான் பார்க்க முடியும். கட்டி முடிக்கப் பல வாரங்கள் பிடிக்கும், வைக்க இடம் வேண்டும், மழைக்காலத்தில் அட்டை நமுத்துவிடும், மின்னழுத்தம் ஏறி இறங்கினால் எண்களும் ஏறி இறங்கும். பெட்டியும் தராசும் ஒன்றையொன்று தொடக்கூடாது, விசிறியின் அதிர்வு எண்ணைக் கெடுத்துவிடும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கும் அறிவியல் கண்காட்சிக்கும் ஏற்றது.

## தண்ணீர் ராக்கெட்

பிள்ளைகள் மிகவும் விரும்புவது இதுதான். குளிர்பான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பால் காற்று, அடைப்பு விலகியதும் சீறிக்கொண்டு எழும். நியூட்டனின் மூன்றாம் விதிக்கும் உந்த மாறாமைக்கும் இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் இதில் இறக்கை தூக்கவில்லை. வால் தகடுகள் ராக்கெட்டை நேராக வைக்கின்றன, அவ்வளவே. விமானம் பறப்பதை விளக்க ராக்கெட்டைக் காட்டினால் பிள்ளைகள் எஞ்சினின் வேகம்தான் விமானத்தைத் தூக்குகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். பத்தாம் வகுப்பு இயக்க விதிகளுக்கு வையுங்கள், பறத்தலுக்கு வேண்டாம். சோடா பாட்டில் மட்டுமே பயன்படுத்த வேண்டும், மெல்லிய தண்ணீர் பாட்டில் வெடிக்கும். 60 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தாண்டாதீர்கள், அழுத்தம் காட்டும் பம்ப் இல்லாமல் தொடங்காதீர்கள்.

## ட்ரோன் கிட்

நான்கு விசிறிகளும் சுழலும் இறக்கைகளே, ஆகவே தூக்கு விசை இதில் நிச்சயம் உண்டு. எதிரெதிராகச் சுழலும் விசிறிகளைக் கொண்டு கோண உந்தத்தையும் பேசலாம். ஆனால் பறப்பைச் சமப்படுத்துவது உள்ளே இருக்கும் சிறு கணினி. பிள்ளை எதைத் தவறாக வைத்தாலும் அது திருத்திவிடும், அல்லது பறக்கவே மறுக்கும். கிளைடரைப்போல் தவறைக் காட்டிக் கற்பிக்காது. சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரு கிட்டில் ஒருவர் கையில்தான் ரிமோட் இருக்கும், மற்ற முப்பத்தொன்பது பேரும் அண்ணாந்து பார்ப்பார்கள். பாட்டரி சில நிமிடங்களில் தீரும், சில மாதங்களில் தேயும்; விசிறி உடைந்தால் மாற்று ஆன்லைனில் வர வேண்டும்.

அனுமதியும் உண்டு. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை உள்ளவை நானோ வகை, அவற்றை இயக்கத் தனிச் சான்றிதழ் வேண்டாம். ஆனால் இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரம்தான் எல்லை. லாஸ்பேட்டையை நடுவில் வைத்து வட்டம் போட்டால் புதுச்சேரி நகரம் ஏறக்குறைய முழுவதும் உள்ளே வந்துவிடுகிறது. கடலூர் அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தாலும் ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம். மின்னணுவியலும் நிரலாக்கமும் கற்பிக்க ஏற்கெனவே ஆசிரியர் இருக்கும் பள்ளிக்கு ட்ரோன் நல்ல கருவி.

## ஒரே பார்வையில்

| வழி | தூக்கு விசை தெரிகிறதா | அளந்து பார்க்க | எத்தனை கைகள் | பணம் | மறைந்த விலை |
|---|---|---|---|---|---|
| காகித விமானம் | ஓரளவு | கடினம் | எல்லோரும் | இல்லை | எறிதலின் வேறுபாடு |
| பட்டம் | நன்றாக | நன்று | குழுவுக்கு ஒன்று | குறைவு | காற்று, கடல், மின்கம்பி |
| கிளைடர் | மிக நன்றாக | மிக நன்று | இருவருக்கு ஒன்று | குறைவு | உடைதல், ஆசிரியரின் பயிற்சி |
| காற்றுச் சுரங்கம் | மிக நன்றாக | மிக நன்று | ஐந்தாறு பேர் | நடுத்தரம் | கட்டும் நேரம், இடம் |
| தண்ணீர் ராக்கெட் | இல்லை | நன்று | குழுவுக்கு ஒன்று | குறைவு | அழுத்த ஆபத்து |
| ட்ரோன் கிட் | மறைந்திருக்கிறது | கடினம் | ஒருவர் | அதிகம் | பாட்டரி, அனுமதி |

## உங்கள் நிலைமைக்கு எது?

நடுநிலைப் பள்ளி, ஒரு பாடவேளை என்றால் காகித விமானத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ரப்பர் பாண்டு ஏவுகருவியை மட்டும் மறக்காதீர்கள். உயர்நிலைப் பள்ளி, ஒரு பருவம் முழுக்க வாரம் ஒருமுறை நேரம் கிடைக்கும் என்றால் கிளைடர். கடலை ஒட்டிய பள்ளியாக இருந்தால் அதோடு ஒருநாள் பட்டம். மேல்நிலைப் பள்ளியில், முந்தைய ஆண்டு கிளைடர் செய்த பிள்ளைகளே காற்றுச் சுரங்கத்தைக் கட்டினால் அது தரும் எண்கள் அவர்களுக்கு உடனே புரியும். கிளைடர் ஏன் நடுவானில் தலைகவிழ்ந்தது என்று ஏற்கெனவே அவர்கள் யோசித்திருப்பார்கள்.

நன்கொடையாளர் ஒருவர் ட்ரோனுக்கென்றே பணம் தருகிறார், மறுக்க முடியவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அவரிடம் பேசிப் பாருங்கள். அதே தொகையில் இரண்டு வகுப்புக்கான ஃபோம் போர்டும், 0.1 கிராம் தராசும், காற்றின் வேகம் காட்டும் சிறு கருவியும் வாங்கிவிடலாம். பேருந்துச் செலவுக்கு மீதம் இருந்தால் லாஸ்பேட்டையில் உள்ள டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அறிவியல் மையத்துக்கும் கோளரங்கத்துக்கும் ஒருநாள் கூட்டிப்போகலாம்.

வீட்டில் ஒரு பிள்ளை, விடுமுறை நாள், அப்பாவோ அம்மாவோ கூட உட்காரத் தயார் என்ற நிலைமைக்கும் கிளைடர்தான். மொட்டைமாடியில் மட்டும் விடாதீர்கள். கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போகும் கிளைடரைப் பிடிக்கப் பிள்ளையின் கை தானாக நீளும். தெரு முனையில், வண்டி வராத காலை நேரத்தில் விடுங்கள். விட்ட உயரத்தையும் போன தூரத்தையும் பிள்ளையே அளந்து எழுதட்டும். களிமண்ணை எப்போது, எவ்வளவு மாற்றினான் என்பதையும் அந்த வரிசையிலேயே குறிக்கச் சொல்லுங்கள்.